குவிமாடம் யாருடையது?

விளையாட்டில் போய் வரலாற்று உண்மையைத் தேடலாமா என்று கேட்போர் உளர். தேடத்தான் வேண்டும் என்பது நம் துணிபு. 1999-இல் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' என்னும் கணினிப் போர் விளையாட்டு, 'வரலாறு' என்றொரு பகுதியையே தன்னகத்தே வைத்திருந்தது. ஆசான் வேடம் பூண்டவர், பிழை சுட்டப்படும்போது மட்டும் விதூஷகராக மாறுவது முறையன்று.

அவ்விளையாட்டு பைசாந்தியருக்கு அன்று அளித்த வீடுகளும் சந்தைகளும் எவை? அரபியர், பாரசீகர், துருக்கியருக்கு அளித்த அதே கட்டடங்கள்! பிந்தைய பதிப்பில் மத்தியதரைக்கடல் பாணி தந்து திருத்திக்கொண்டனர். ஆயினும், கிழக்கென்றால் குவிமாடம், குவிமாடமென்றால் இஸ்லாம் என்னும் சோம்பற் சூத்திரம் உலகின் மனத்தில் திருந்தவில்லை.

வரலாறு கூறுவது வேறு. கான்ஸ்டாண்டினோபிளின் ஹாகியா சோபியா பேராலயம் 537-இல் நிறைவுற்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறப்பதற்கு முன்பே குவிமாடம் அங்கு உயர்ந்து நின்றது. ஜெருசலத்தின் குப்பத்துஸ் ஸக்ராவை 691-692-இல் அணிசெய்த வண்ணக்கல் வேலைப்பாடும் பைசாந்திய மரபில் கிளைத்ததே. ஹாகியா சோபியாவின் மினாராக்களோ 1453-க்குப் பின்னர் எழுந்தவை. கொடுத்தவர் யார், கொண்டவர் யார் என்பதை மறைத்துவிடும் சித்திரம், இரு சாராருக்குமே அநீதி இழைக்கிறது.

2022-இல் அதே விளையாட்டில் 'திராவிடர்' சேர்க்கப்பட்டனர். இராசேந்திர சோழனின் படையெடுப்பும் இடம்பெற்றது. மகிழ்ச்சியே. ஆனால் தமிழ் முஸ்லிமின் பள்ளிவாசலை எந்த வடிவில் வரைவார்கள்? கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளியைப் பாருங்கள்: தமிழ்ச் சிற்பியின் கல் தூண்கள், பூவேலை கொண்ட போதிகைகள். கோழிக்கோட்டின் மிஷ்கால் பள்ளியோ, மரமும் ஓடும் கொண்டு அடுக்கடுக்காக எழுந்த சாய்கூரைக் கட்டடம். மேற்குமலையின் மழையில் நனையும் கீரிப்பாறை வாசிக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டுமா? கூரையை வகுப்பவை மழையும் மரமும் கல்லும், மார்க்கம் அன்று. மார்க்கம் கேட்பது தூய இடமும் கிப்லாவின் திசையுமே.

அயல்நாட்டுச் சித்திரக்காரரை மட்டும் சாடுவதில் பயனில்லை. தொன்மையான கற்பள்ளியை இடித்துவிட்டு, சிமெண்டுக் குவிமாடம் எழுப்பினால்தான் 'இஸ்லாமியத் தோற்றம்' வரும் என்று எண்ணுவோர் நம்மிடையேயும் உளர். விளையாட்டுக்காரர் தம் பிழையை அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம். இடித்த பள்ளிக்கு அடுத்த பதிப்பு ஏது? ஜமாஅத்தார் கடப்பாரையைத் தூக்குமுன் இதைச் சிந்திப்பார்களாக!