அடுக்களைப் பக்கம்: கட்டுச் சாதமும் கூடார அடுப்பும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் குழந்தைகளையும் கூடாரத்தையும் காரில் ஏற்றிக்கொண்டு இங்க்ஸ் ஏரிக்கோ பெடர்னேல்ஸ் அருவிக்கோ கிளம்பும் குடும்பங்கள் ரவுண்ட் ராக்கில் அநேகம். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான பயணம்தான். ஆனால் கிளம்பும் முன் கடையில் ஆகும் செலவைப் பார்த்தால், பூங்காவில் தங்கும் கட்டணம் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். சிப்ஸ் பொட்டலம், ரொட்டி, டின்னில் அடைத்த பீன்ஸ், காகிதத் தட்டு, ஐஸ் மூட்டை என்று வண்டி நிறையும். ஞாயிற்றுக்கிழமை அதில் பாதி அப்படியே திரும்பி வரும். குழந்தைகள் வீட்டுக்குள் காலை வைத்ததும் கேட்பது ரசம் சாதம்.

இத்தனைக்கும் பயணத்துக்குச் சாப்பாடு கட்டும் விஷயத்தில் தமிழ் வீடுகளுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. மாட்டு வண்டி கட்டிக்கொண்டு குலதெய்வம் கோயிலுக்குப் போன காலத்திலும், ஆடிப் பதினெட்டுக்குக் காவிரிக் கரையில் உட்கார்ந்து சித்ரான்னம் சாப்பிட்ட காலத்திலும் ஐஸ் பெட்டி ஏது? புளியும் உப்பும் நல்லெண்ணெயும்தான் அப்போது ஐஸ் பெட்டி.

ஆகவே முதலில் புளிக்காய்ச்சல். 100 கிராம் புளியை வெந்நீரில் அரை மணி ஊற வைத்து, இரண்டு கப் அளவுக்குக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டிக்கொள்ளவும். டப்பாவில் வரும் கறுப்புப் புளிக் கரைசல் கைக்குச் சௌகரியம்தான். ஆனால் நிறமும் கறுக்கும், ருசியும் ஒரு மாற்றுக் குறைவு. கட்டிப் புளியே நல்லது. வாணலியில் அரை கப் நல்லெண்ணெய் காய்ந்ததும் கடுகு, 2 டேபிள்ஸ்பூன் கடலைப் பருப்பு, கிள்ளிய மிளகாய் வற்றல் 10, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள் பொடி, புளிக் கரைசல், உப்பு சேர்த்து நிதானமான தணலில் கொதிக்க விடவும். இங்கே அவசரப்படக் கூடாது. எண்ணெய் பிரிந்து மேலே மிதக்க வேண்டும். கரண்டியில் எடுத்தால் ஜாம் போல் விழ வேண்டும். அதற்கு அரை மணியாவது ஆகும். கடைசியில் 1 டீஸ்பூன் வெந்தயமும் 1 டேபிள்ஸ்பூன் தனியாவும் வெறும் வாணலியில் வறுத்துப் பொடித்துத் தூவி, நெல்லிக்காய் அளவு வெல்லம் போட்டு இறக்கவும். ஆறியபின் ஈரமில்லாத பாட்டிலில் போட்டு பிரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம் தாராளமாக இருக்கும். வேர்க்கடலையை இதில் போட்டுக் கொதிக்க விட்டால் சொதசொதத்துப் போகும். தனியாக வறுத்து, சாதம் கலக்கும்போது சேர்த்தால்தான் கடிக்க நன்றாக இருக்கும்.

சாதத்தை வீட்டிலேயே கலந்து எடுத்துப் போவதா, அங்கே வடிப்பதா என்பது அடுத்த கேள்வி. டெக்ஸஸ் வெயில் ஊர் வெயிலுக்குச் சளைத்தது அல்ல. சமைத்த பண்டம் எதுவும் 40 டிகிரிக்கும் 140 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க விவசாய இலாகாவின் விதி. வெளியே 90 டிகிரி தாண்டினால் ஒரே மணி நேரம். வெந்த சாதத்தில் பெருகும் ஒரு வகைக் கிருமி விடும் விஷம், திரும்பச் சூடாக்கினாலும் போகாது. புளி சேர்ந்த சாதம் கெடாமல் தாங்கும் என்று பாட்டிமார் சொன்னது வாஸ்தவம். ஆனால் பாட்டி விடியற்காலையில் கிளறி மத்தியானம் இலையில் போட்டாள்; வெயிலில் நிற்கும் காரின் பின்புறத்தில் வைக்கவில்லை. புளிக்காய்ச்சலை மட்டும் பாட்டிலில் கொண்டுபோய், சாதத்தை அங்கேயே வடிப்பது உத்தமம். இங்க்ஸ் ஏரியில் மின்சார வசதியுள்ள இடங்களும் உண்டு. அப்படி ஓர் இடம் பதிவு செய்தவர்கள் ரைஸ் குக்கரையே எடுத்துப் போகலாம்.

தயிர் சாதம் கட்டுகிறவர்கள் சாதம் சூடாக இருக்கும்போதே பாலை விட்டுக் குழைய மசித்து, நன்றாக ஆறியபின் தயிர் கலந்து, தட்டையான டப்பாக்களில் நிரப்பி, ஒரு ராத்திரி பிரிட்ஜில் வைத்து, நேரே ஐஸ் பெட்டியின் அடியில் வைத்துவிட வேண்டும். ஆழமான பாத்திரத்தில் வைத்தால் நடுவில் சூடு தங்கிவிடும். ஐஸ் மூட்டைக்கும் காசு கொடுக்க வேண்டாம். காலியான பால் கேன்களை நன்றாகக் கழுவி, முக்கால் பாகம் குடிதண்ணீர் ஊற்றி இரண்டு நாள் முன்னதாகவே ஃப்ரீசரில் வைத்தால் போதும். விளிம்பு வரை ஊற்றினால் தண்ணீர் உறையும்போது கேன் வெடிக்கும். பூங்காவில் உருக உருகக் குடிக்கலாம். பெட்டிக்குள் தண்ணீர் தேங்கி டப்பாக்கள் மிதப்பதும் இல்லை.

காலைப் பலகாரத்துக்கு உப்புமாக் கலவை. மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுத்தம் பருப்பு, கடலைப் பருப்பு, உடைத்த முந்திரி, கிள்ளிய மிளகாய் வற்றல் 4 போட்டுச் சிவந்ததும், கறிவேப்பிலையை மொறுமொறுவென்று ஆகும்வரை வறுக்கவும். கறிவேப்பிலையில் ஈரம் தங்கினால் கலவை பூசணம் பிடிக்கும். பிறகு இரண்டு கப் ரவையைக் கொட்டி வாசனை வரும்வரை வறுத்து, ஒன்றரை டீஸ்பூன் உப்பும் கொஞ்சம் சுக்குப் பொடியும் சேர்த்து, ஆறியதும் பையில் கட்டி வைக்கவும். பச்சை மிளகாய், இஞ்சி, வெங்காயம் வேண்டாம். பூங்காவில் இரண்டரை கப் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஒரு கப் கலவையைத் தூவிக் கிளறி மூடினால் ஐந்து நிமிஷத்தில் உப்புமா. பாத்திரத்தைத் துண்டில் சுற்றி வைத்தால் அடுப்பை அணைத்த பிறகும் பதமாகப் புழுங்கிக்கொள்ளும். ஒரு பவுண்டு புரொபேன் உருளை, ஒரு பர்னரை முழுத் தணலில் எரித்தால் சுமார் இரண்டு மணி நேரம்தான் வரும். மூடி போட்டுக் கொதிக்க வைப்பதும் பருப்பை ஊற வைப்பதும் அங்கே காசு.

விறகைப் பற்றி ஒரு வார்த்தை. பூங்காவில் சுள்ளி பொறுக்கி அடுப்பு மூட்டலாம் என்று எண்ணிப் போகக் கூடாது. டெக்ஸஸ் மாநிலப் பூங்காக்களில் அதற்கு அனுமதி கிடையாது. மழை பொய்த்தால் கவுண்டி நெருப்புத் தடையும் போட்டுவிடும். அப்போது விறகும் கரியும் எரிக்க முடியாது. திருகி அணைக்கும் எரிவாயு அடுப்பைப் பெரும்பாலும் அனுமதிப்பார்கள் என்றாலும், கிளம்பும் முன் பூங்காவுக்குப் போன் செய்து கேட்டுக்கொள்வது நல்லது. அடுப்பே கூடாது என்றால் அவல் இருக்கிறது. கெட்டி அவலைக் கழுவி, தண்ணீர் தெளித்துப் பத்து நிமிஷம் ஊற விட்டு, நாலு ஸ்பூன் புளிக்காய்ச்சலும் வறுத்த வேர்க்கடலையும் போட்டுப் பிசறினால் புளி அவல். தயிரும் உப்பும் சேர்த்தால் தயிர் அவல். நெருப்பே வேண்டாம்.

இந்தக் கேம்பிங் பெட்டிக்கு வீட்டிலும் வேலை உண்டு. 2021 பிப்ரவரி 15 அதிகாலை டெக்ஸஸில் மின்சாரம் வெட்டப்பட்டதும், ஆஸ்டின் வட்டாரத்தில் குளிர் 10 டிகிரிக்கும் கீழே இறங்கியதும் அப்போது இங்கே இருந்தவர்களுக்கு மறக்காது. மின்சார அடுப்பு வைத்த வீடுகளில் குழந்தைக்குப் பால் காய்ச்சவும் வழியில்லை. பிப்ரவரி 17 அன்று, குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று ஆஸ்டின் நகரம் அறிவித்தது. எந்த அடுப்பில் கொதிக்க வைப்பது? உத்தரவு விலகப் பிப்ரவரி 23 ஆயிற்று. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் உறைபனியின் பாரம் தாங்காமல் கிளைகள் முறிந்து மின்கம்பிகள் மேல் விழுந்து, ஆஸ்டினில் பல வீடுகள் மறுபடியும் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன.

கூடார அடுப்பு இருந்தால் போதுமே என்று தோன்றும். இங்கேதான் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். 2021 குளிரில் இறந்தவர்கள் 246 பேர் என்று மாநிலச் சுகாதார இலாகா கணக்குக் கொடுத்தது. பெரும்பாலோர் குளிரால் இறந்தவர்கள். ஆனால் குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் கரி மூட்டியும், கராஜில் காரை ஓட விட்டும், ஜெனரேட்டரைக் கதவருகில் வைத்தும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவால் மாண்டவர்களும் அதில் உண்டு. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை; தலைவலி, மயக்கம் என்று வந்து, தூங்குகிறவரைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும். கேம்பிங் அடுப்பானாலும் குமுட்டியானாலும் வீட்டுக்குள், கராஜுக்குள், கூடாரத்துக்குள் ஏற்றவே கூடாது. கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும் கூடாது. வெளியே, ஜன்னல் கதவுகளைவிட்டுத் தள்ளி வைத்துச் சமைத்து, பாத்திரத்தை மட்டும் உள்ளே கொண்டு வர வேண்டும். குளிரில் வெளியே நிற்க வேண்டுமே என்றால், அதற்குத்தான் அந்த ஐந்து நிமிஷ உப்புமா. பாட்டரியில் ஓடும் வாயு எச்சரிக்கை மணி ஒன்று படுக்கையறைப் பக்கம் இருக்கட்டும்.

மின்சாரம் போனால் பிரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது. மூடியபடி விட்டால் பிரிட்ஜ் நாலு மணி நேரம் குளிர்ச்சியைக் காக்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி, பாதி நிறைந்தது 24 மணி. பால் கேன் ஐஸ் இங்கேயும் உதவும். ஃப்ரீசரின் காலி இடத்தை அது அடைத்துக்கொள்ளும்.

சாமான் வாங்க நல்ல நாளும் உண்டு. 2016 முதல் ஒவ்வொரு ஏப்ரல் பிற்பகுதியிலும் ஒரு சனி, ஞாயிறு, திங்களில் அவசரகாலப் பொருள்களுக்கு டெக்ஸஸ் அரசு விற்பனை வரியை விலக்கிவிடுகிறது. ரவுண்ட் ராக்கில் அது 8.25 சதவீதம். 75 டாலருக்குக் குறைந்த ஐஸ் பெட்டி, டார்ச் விளக்கு, பாட்டரி, கையால் திறக்கும் டின் ஓப்பனர், வாயு எச்சரிக்கை மணி எல்லாம் இதில் சேரும். கேம்பிங் அடுப்பு மட்டும் சேராது. ஏன் என்று அரசாங்கத்தைத்தான் கேட்க வேண்டும்.

மூட்டை மூட்டையாக அடுக்குவதைச் சிக்கனம் என்று சொல்ல முடியாது. 2023 ஜூலை 20 அன்று பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை இந்தியா தடுத்தபோது, அமெரிக்காவில் இந்தியக் கடை வாசல்களில் கூட்டம் அலைமோதியது. சோனா மசூரி விலை ஏறியது. ஆளுக்கு ஆறு ஏழு மூட்டை வாங்கிப் போனவர்கள் பிறகு வண்டு பொறுக்கியிருப்பார்கள். தடை 2024 செப்டம்பரில் நீங்கியது. அரிசி தட்டினால் ரவை என்பது புதிய யோசனை அல்ல. இரண்டாம் உலக யுத்தத்தில் பர்மா அரிசி நின்றபோதுதான் ரவா இட்லி பிறந்தது என்று பெங்களூர் மாவல்லி டிபன் ரூம்ஸ்காரர்கள் சொல்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு வேண்டிய அரிசி வீட்டில் இருந்தால் போதும். வாங்கியதும் நாலு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் வண்டு முட்டை அழியும்.

கோயிலில் உடைத்த தேங்காய் மூடி பல வீடுகளில் பிரிட்ஜில் கிடந்து வழுவழுத்துப் போகிறது. அர்ச்சனை முடிந்து வந்த அன்றே துருவி, தட்டில் பரப்பி உறைய வைத்துப் பிறகு பையில் போட்டால் கட்டி தட்டாது. வேண்டிய அளவு உதிர்த்து எடுக்கலாம். பிரசாத வாழைப்பழம் கறுத்துவிட்டால் கோதுமை மாவு, வெல்லம், ஏலக்காயோடு பிசைந்து பணியாரக் குழியில் ஊற்றினால் அரை மணியில் தீர்ந்துவிடும்.

ஆஸ்டினுக்குத் தெற்கே லூலிங் ஊரில் 1954 முதல் ஜூன் மாதத்தில் தர்ப்பூசணித் திருவிழா நடக்கிறது. அந்தக் காலத்தில் முழுப் பழம் வாங்குகிறவர்கள், சிவப்பைத் தின்றுவிட்டு மிச்சத்தைக் குப்பையில் போட வேண்டாம். பச்சைத் தோலைச் சீவிவிட்டு, நடுவிலுள்ள வெள்ளைப் பகுதியைத் துண்டு செய்தால் அசல் சுரைக்காய்தான். அரை கப் பாசிப் பருப்போடு வேக வைத்து, தேங்காய், சீரகம், பச்சை மிளகாய் அரைத்து விட்டு, கடுகு உளுத்தம் பருப்பு தாளித்தால் கூட்டு. தண்ணீர் அதிகம் விட வேண்டாம், காயே விட்டுக்கொள்ளும்.