இரண்டு மணிக்கு இறங்குபவர்கள்

சென்னையில் இரவு பத்து மணிக்குக் கும்பகோணம் பேருந்தில் ஏறினால், விக்கிரவாண்டி, பண்ருட்டி, வடலூர் தாண்டிச் சேத்தியாத்தோப்பில் நள்ளிரவு இரண்டு, இரண்டரைக்கே இறங்க நேர்கிறது. ஊரில் ரயில் நிலையம் கிடையாது. ரயிலைப் பிடிக்க சிதம்பரமோ விருத்தாசலமோ போக வேண்டும். சுற்றுக் கிராமங்களுக்குப் பேருந்து வேண்டுமென்றால் விடியும்வரை காத்திருக்க வேண்டும். கைக்குழந்தையோடு வரும் தாய்க்கும், மருத்துவமனையிலிருந்து திரும்பும் முதியவருக்கும் இந்த இடைப்பட்ட நேரம்தான் பயணத்தின் கடினமான பகுதி.

இத்தகைய ஊர்களுக்குச் சிறிய வான்கலங்கள் விடிவு தருமா என்ற ஆசை எழுவது இயல்பு. ஹரித்துவாரில் 2023 டிசம்பரில் கைரோபிளேனைச் சுற்றுலாவுக்காகச் சோதனை முறையில் பறக்கவிட்டார்கள். மணிக்கு 150 கி.மீ. அளவில் பறக்கும் அது, சென்னையிலிருந்து சேத்தியாத்தோப்புக்கு ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும். ஆனால், பகலில்தான்.

1923இல் ஸ்பெயின் பொறியாளர் ஹுவான் டி லா சியர்வா வெற்றிகரமாகப் பறக்கவிட்ட இந்த வான்கலத்தில், தலைக்கு மேல் சுழலும் இறக்கையைக் காற்றுதான் சுற்றுகிறது. இன்ஜின் வண்டியை முன்னே தள்ளுவதோடு சரி. இன்ஜின் நின்றாலும் இறக்கை சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதால், சின்ன வயல்வெளியில்கூட மெதுவாக இறக்கிவிடலாம். அந்த வயல் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நெய்வேலியிலிருந்து புறப்படும் உயர் அழுத்த மின்கம்பிகள், வரப்போரப் பனைகள், வெள்ளாறு, வீராணம் ஏரி, நீர் நிற்கும் நடவு வயல்கள் என்று விரியும் இந்தப் பகுதியில் இருட்டில் எங்கே இறங்குவது? கண்ணால் பார்த்து ஓட்டும் விமானங்கள், சூரியன் மறைந்த 20 நிமிடத்திலிருந்து உதயத்துக்கு 20 நிமிடம் முன்புவரை பொதுவாகப் பறக்கக் கூடாது என்கிறது இந்திய விதி. உயிர் காக்கும் விதி அது, தளர்த்தக் கூடாது.

இரவில் பறப்பது நமக்குப் புதிதல்ல. 1949 ஜனவரி 30 அன்று இரவு விமானத் தபால் சேவை தொடங்கியது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, மதராஸிலிருந்து கிளம்பிய விமானங்கள் நள்ளிரவில் நாகபுரியில் கூடி, தபால் பைகளை மாற்றிக்கொண்டு விடிவதற்குள் ஊர் திரும்பின. பயணிகளும் போனார்கள். ஆனால், நள்ளிரவில் விமானம் மாறுவது தபால் பைக்குச் சிரமமில்லை. மனிதருக்குத் தூக்கம் கெடும். இரவுப் பயணத்தை மக்கள் தேர்ந்தெடுப்பதே ஒரு நாள் கூலியும் ஒரு ராத்திரி அறை வாடகையும் மிச்சமாகும் என்பதற்காக. தூங்கி எழும்போது ஊர் வந்திருக்க வேண்டும். அதைக் கிலோமீட்டர் வேகத்தால் அளக்க முடியாது.

சாலை விஷயத்திலும் இதை மறந்துவிடுகிறோம். சேத்தியாத்தோப்பு - சோழபுரம் இடையிலான 50 கி.மீ. நான்குவழிச் சாலை 2,350 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் முடிந்து, 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. கொள்ளிடத்தின் மேல் ஒரு கி.மீ. பாலம், மூன்று புறவழிச் சாலைகள், 45 நிமிட மிச்சம். பெரிய காரியம்தான், கரும்பு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போனவர்களுக்கு அதன் அருமை தெரியும். விக்கிரவாண்டிப் பக்கத்துப் பகுதி ஆண்டுக்கணக்கில் இழுபட்டது, இந்த வழியில் போகும் அத்தனை பேருக்கும் இழைத்த அநியாயம்.

ஆனால், அந்தப் பகுதியிலும் சாலை வேகமாக ஆக, இரண்டரை மணிக்கு இறங்கியவர் இனி ஒன்றரைக்கே இறங்குவார். ஊருக்குள் வராத பேருந்து புறவழிச் சாலையில், வெளிச்சம் இல்லாத இடத்தில் இறக்கிவிட்டால் மிச்சமான நேரம் பயத்தில்தான் கழியும். எனவே, நெடுஞ்சாலைத் துறையும் போக்குவரத்துக் கழகமும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும்: இரவுப் பேருந்துகள் நிற்கும் இடத்தில் விளக்கு, பூட்டாத கழிப்பறை, பெண்களுக்குத் தனி ஓய்வறை, காவலர். சென்னையிலிருந்து நள்ளிரவுக்குப் பின் கிளம்பி ஐந்து மணிவாக்கில் இங்கே வந்து சேரும் பேருந்துகள் கூடுதலாக வேண்டும். அவை வரும் நேரத்தை ஒட்டி முதல் டவுன் பஸ்ஸும் புறப்பட வேண்டும். பேருந்து விஷயத்தில் நேர அட்டவணையைத் திருத்தினால் போதும். இந்த ஆண்டே செய்யலாம்.