மின்நூல் கருவிக்கு ஏற்றது கணிப்பொறியா? சுவர் சார்ஜரா?

விஞ்ஞானம் வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்ட காலம் இது. அதனுடன் அறியாமையால் வரும் அச்சமும் நுழைந்துவிடுகிறது. எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒன்றையே இதற்குச் சான்றாகக் கூற விரும்புகிறேன்.

என் பாட்டிக்குக் கண்பார்வை மங்கல். அச்சிட்ட விவிலியத்தின் சிறிய எழுத்துகள் அவர்களுக்குப் புலப்படுவதில்லை. ஆகவே அப்பா ஒரு மின்நூல் கருவி வாங்கித் தந்தார்கள். எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு பாட்டி நாள்தோறும் வாசித்து வந்தார்கள். அக்கருவியுடன் ஒரு வயர் மட்டுமே வந்தது, சார்ஜர் வரவில்லை. “சுவரில் வருவது 230 வோல்ட். அதில் செருகினால் கருவி கெட்டுவிடும். கணிப்பொறியில்தான் செருக வேண்டும்” என்பது அப்பாவின் கட்டளை.

பெரிய வியாழன் இரவு அதை மடிக்கணினியில் செருகிவிட்டு உறங்கச் சென்றோம். சிறிது நேரத்தில் கணிப்பொறியும் உறங்கிவிட்டது! அது உறங்கினால் பல வேளைகளில் யு.எஸ்.பி. துளைக்கு மின்சாரம் வராது என்பது எங்களுக்குத் தெரியாது. மறுநாள் பெரிய வெள்ளி. ஆண்டவரின் பாடுகளை வாசிக்கக் கருவியை எடுத்த பாட்டி, அதில் சார்ஜ் இல்லாததைக் கண்டு, ஒன்றும் சொல்லாமல் செபமாலையை எடுத்துக்கொண்டார்கள். அந்த மௌனம் என்னை மிகவும் வருத்தியது.

அப்பாவின் அச்சம் சரிதானா? பத்தாம் வகுப்பு இயற்பியலே இதற்கு விடை தருகிறது. 230 வோல்ட் மாறுதிசை மின்னோட்டத்தை 5 வோல்ட் நேர்திசை மின்னோட்டமாக மாற்றித் தருவதே சாதாரண சார்ஜரின் வேலை. கணிப்பொறியின் யு.எஸ்.பி. துளை தருவதும் அதே 5 வோல்ட்தான். வேற்றுமை மின்னோட்டத்தின் அளவில் உள்ளது. யு.எஸ்.பி. 2.0 துளை 0.5 ஆம்பியர் தரும்; வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் 2.5 வாட். யு.எஸ்.பி. 3.0 துளையானால் 0.9 ஆம்பியர், 4.5 வாட். 1 ஆம்பியர் தரும் சிறிய சுவர் சார்ஜரோ 5 வாட் தரும். வேலை விரைவில் முடியும்.

“பெரிய சார்ஜர் மின்சாரத்தை அதிகமாகத் திணித்துவிடாதா?” என்று சிலர் கேட்கலாம். திணிக்காது. எவ்வளவு வேண்டும் என்பதைக் கருவிக்குள் இருக்கும் மின்சுற்றே முடிவு செய்கிறது. குளம் பெரிதானாலும் குடம் தன் அளவுதானே கொள்ளும்? பாட்டரி நிரம்பியதும் அது தானே நிறுத்திக்கொள்ளும்.

கணிப்பொறியால் பயனே இல்லையா? உண்டு. புத்தகங்களை ஏற்றும்போதே சார்ஜும் ஏறும். மின்வெட்டு நேரத்தில் மடிக்கணினி கைகொடுக்கும். ஆனால் 2.5 வாட்டுக்காகக் கணிப்பொறியை மணிக்கணக்கில் ஓடவிடுவது வீண் செலவல்லவா? மேலும், யு.எஸ்.பி. வயரில் மின்சாரம் மட்டுமின்றித் தகவலும் செல்லும். ஆகவே அறியாதவர் கணிப்பொறியில் நம் கருவியைச் செருகுவது நல்லதன்று.

எந்தச் சார்ஜரானாலும் சரி என்று நான் கூறவில்லை. மலிவாகக் கிடைக்கும் போலிச் சார்ஜரில் உட்காப்பு பழுதானால் 230 வோல்ட் நம் கைக்கே வந்துவிடக்கூடும். எனவே பி.ஐ.எஸ். பதிவு முத்திரை உள்ளதா என்று பார்த்தே வாங்க வேண்டும். ஈரக் கையால் தொடக் கூடாது.

இக்கணக்கை நோட்டில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். பொறுமையாகப் படித்துப் பார்த்துவிட்டு மறுநாளே நல்ல சார்ஜர் ஒன்று வாங்கி வந்தார்கள். இத்தகைய கருவி பெரும்பாலும் பக்கம் திருப்பும்போதுதான் திரைக்கு மின்சாரம் செலவழிக்கிறது. எனவே ஒருமுறை ஏற்றினால் பல நாட்களுக்கு வரும். இப்போது சனிக்கிழமை மாலைதோறும் சார்ஜ் ஏற்றுவது என் பொறுப்பு. ஞாயிறு காலையில் பாட்டியின் வாசிப்பு தடைபடுவதில்லை.

அன்புத் தோழியரே! பெரியோர் அஞ்சுவது நம்மீதுள்ள அக்கறையால்தான். அதை எள்ளி நகையாடாமல், கற்றதைக் கொண்டு பணிவுடன் விளக்குவோம். இறைவன் தந்த அறிவு தேர்வுத் தாளுக்கு மட்டுமன்று, இல்லத்துக்கும் உரியது.

— பத்தாம் வகுப்பு மாணவி