இல்லமும் தோட்டமும்: குறுகிய பருவத்தில் ஒரு கசப்புக் கீரை



அம்மையார்குப்பத்திலிருந்து ஒரு தாயின் மடல் சென்ற மாதம் நம் கைக்கு வந்தது. நெசவாளர் குடும்பம். மகள் செவிலியராகக் கனடா நாட்டின் எட்மன்டன் நகருக்குச் சென்று மூன்று ஆண்டுகள் ஆகின்றனவாம். குடியிருக்கும் வீட்டின் பின்புறத்தில் சிறிது நிலம் உண்டு. அதில் எண்டைவ் என்னும் கீரையை அவள் இருமுறை பயிரிட்டாள். முதல் ஆண்டு, பனி உருகிய மகிழ்ச்சியில் மே மாதத் தொடக்கத்திலேயே விதைத்தாள். செடி இலை திரளுமுன் தண்டு நீண்டு பூத்துவிட்டது. மறு ஆண்டு, ஆகஸ்டு மாதத்தில் விதைத்தாள். செடி கைப்பிடி அளவு வளருமுன் குளிர் வந்துவிட்டது. "இந்த மண்ணில் என் கைக்கு எதுவும் வேர் பிடிக்காது, அம்மா" என்று தொலைபேசியில் அழுதாளாம். "கீரைக்காக அழுதாளோ, வேறு எதற்காக அழுதாளோ, நான் அறியேன். கீரைக்காவது ஒரு வழி சொல்லுங்கள்" என்று மடலை முடித்திருக்கிறார் அத்தாய்.

சகோதரியே, உங்கள் மகளின் கையில் குற்றமில்லை. அவள் தேர்ந்த நாளில்தான் குற்றம். அதை விளக்கவே இம்மாதப் பகுதி முழுவதையும் ஒதுக்குகிறோம். பிற வாசகர்க்கும் இது பயன்படும்.

முதலில் கீரையை அறிந்துகொள்வோம். எண்டைவ் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நாட்டு மருந்துக் கடைகளில் காசினி என்றும், யூனானி வைத்தியரிடம் காஸ்னி என்றும் வழங்கும் இனத்தைச் சேர்ந்தது. காப்பித்தூளில் கலக்கும் சிக்கரி வேர் இதன் உடன்பிறப்பான செடியிலிருந்து கிடைப்பதே. சாமந்தியும் சூரியகாந்தியும் இதே குடும்பத்தின. எண்டைவில் இருவகை உண்டு: இலை சுருண்டு நெளிந்தது ஒன்று, இலை அகன்றது மற்றொன்று. இலையைக் கிள்ளினால் பால் கசியும். அந்தப் பாலில்தான் கசப்பு இருக்கிறது. வெயிலும் நீர்க்குறைவும் மிகுந்தால் கசப்பும் மிகும்.

விடுதலைப் பயண நூலின் 12ஆம் அதிகாரத்தில், பாஸ்கா ஆட்டிறைச்சியைக் கசப்புக் கீரையோடு உண்ணும்படி இஸ்ரயேல் மக்களுக்குக் கட்டளை இடப்பட்டதை நாம் அறிவோம். அக்கட்டளைக்கு எவ்வெவ் கீரைகள் ஏற்றவை என்று யூதரின் மரபு நூலான மிஷ்னா ஐந்தின் பெயரைக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று இந்த எண்டைவ் இனமே என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆகவே திருநூலோடு உறவுடைய ஒரு கீரையைத்தான் உங்கள் மகள் வளர்க்க முயன்றிருக்கிறாள்.

இனி, அவள் முயற்சி இருமுறையும் தவறியது ஏன்?

எட்மன்டனில் உறைபனியின்றிப் பயிர் நிற்கக்கூடிய காலம் ஏறக்குறைய 4 மாதமே: மே மாதப் பின்பாதி முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை. உதகையில் மார்கழி, தை மாதங்களில் புல்வெளி வெண்மையாய் விடியக் கண்டவர்களுக்கு உறைபனி இன்னதென்று தெரியும். பருவம் இவ்வளவு குறுகியதாய் இருந்தால், வாசல் திறந்த அன்றே விதைத்துவிட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். எண்டைவுக்கு அதுவே பகை. இளநாற்றாய் இருக்கும்போது பல நாள் குளிரில் நடுங்கிய செடி, தான் ஒரு குளிர்காலத்தைக் கடந்துவிட்டதாகக் கொள்கிறது. அதன்பின் பகல் நீளும்போது, இனிப் பூக்க வேண்டியதுதான் என்று தண்டை நீட்டுகிறது. எட்மன்டனில் ஜூன் மாதப் பகல் 17 மணி நேரம்! மே மாத விதைப்பு பூத்துப்போனதற்குக் காரணம் இது. ஆகஸ்டு விதைப்புக்கோ நாள் போதவில்லை. கொத்து முழுமையாகத் திரள இக்கீரைக்கு 90 முதல் 100 நாள் வரை தேவை.

அவசரமும் தாமதமும் ஒரேபோல் கெடுத்தன. அப்படியானால் சரியான நாளை அறிவது எவ்வாறு? முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணுவதே வழி.

இது உங்கள் ஊருக்குப் புதிதன்று. தீபாவளிக்குச் சேலை கொடுக்க வேண்டுமானால், எந்த வாரம் தறியில் பாவு ஏற வேண்டும் என்று நெசவாளர் பின்னோக்கித்தான் கணக்கிடுகிறார். திருச்சபையும் அவ்வாறே உயிர்ப்புப் பெருவிழாவை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து 46 நாள் பின்னே எண்ணித் திருநீற்றுப் புதனை அறிகிறது. எண்டைவ் வசந்தத்துக்கு உரியதன்று. இலையுதிர் காலத்துக்கு உரியது. வளர்ந்த செடி இலேசான உறைபனியைத் தாங்கும். தாங்குவதோடு சுவையும் கூடும். எனவே அறுவடையைச் செப்டம்பர் நான்காம் வாரத்தில் வைத்துக்கொண்டு எண்ணுவோம். உங்கள் மகள் நினைவில் கொள்ள எளிதாக, திருநாட்களை ஒட்டியே குறிக்கிறோம்.

ஜூன் 13, புனித அந்தோனியார் திருநாள்: வீட்டுக்குள் சிறு தட்டுகளில் விதைக்கட்டும். விதையை அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆழ்த்தலாகாது. வெளிச்சம் மிகுந்த, ஆனால் சூடு மிகாத சன்னலோரம் ஏற்றது. ஒரு வாரத்துக்குள் முளைக்கும்.

ஜூலை 16, கார்மேல் அன்னை திருநாள்: நாற்று நான்கைந்து இலை விட்டிருக்கும். மட்கிய எரு கலந்த மண்ணில், செடிக்குச் செடி ஒரு சாண் முதல் ஓரடி வரை இடம் விட்டு, மாலை வேளையில் நடட்டும். நெருக்கி நட்டால் காற்றோட்டமின்றி நடுப்பகுதி அழுகும். அதன்பின் நீர் தவறலாகாது. ஒருநாள் வெள்ளமும் நான்கு நாள் வறட்சியுமாக வளர்த்தால் இலை நுனி கருகும், கசப்பும் ஏறும். ஈரத்தை நாடி ஓடில்லா நத்தைகள் வரும். மாலையில் விளக்கோடு சென்று பொறுக்கி எடுப்பதே நல்லது.

செப்டம்பர் 8, அன்னை மரியாவின் பிறப்பு விழா: வேளாங்கண்ணியில் திருவிழா நிறைவுறும் அன்று, வெளி இலைகளை ஒன்றுகூட்டி, மெல்லிய நூலால் தளர்வாகக் கட்டட்டும். வெளிச்சம் படாத நடு இலைகள் பச்சை நீங்கி வெளிர்மஞ்சளாகும், கசப்பு தணியும். கிறிஸ்து பிறப்புக் குடிலுக்காகக் கேழ்வரகை முளைக்கவைக்கும்போது, இருட்டு மூலையில் வைத்த கிண்ணம் மட்டும் வெளுத்திருப்பதைக் கண்டிருப்பீர்கள், அதே செய்திதான். ஒன்றை மட்டும் மறவாதிருக்கட்டும்: இலை உலர்ந்திருக்கும்போதே கட்ட வேண்டும். மழையோ பனித்துளியோ உள்ளே இருக்கக் கட்டினால், அவிழ்க்கும்போது அழுகலே மிஞ்சும்.

செப்டம்பர் 14, திருச்சிலுவை மகிமை விழா: ஒரு செடியை அவிழ்த்துப் பார்க்கட்டும். ஈரம் தெரிந்தால் காயவிட்டு மீண்டும் கட்டலாம். இரவில் உறைபனி எச்சரிக்கை வந்தால், பழைய பருத்தித் துணியைப் போர்த்தி, காலையில் எடுத்துவிடலாம்.

செப்டம்பர் 22 அளவில் அறுவடை. எல்லாவற்றையும் ஒரேநாளில் கட்டாமல் இரண்டிரண்டாகக் கட்டினால், இரண்டிரண்டாகவே அறுக்கலாம். வெளுத்த இலை நெடுநாள் நில்லாது.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. அதே விதையை அம்மையார்குப்பத்திலும் பயிரிடலாம். அங்கே குளிர் பருவத்தைக் குறுக்குகிறது. இங்கே வெயில் குறுக்குகிறது. அடைமழை ஓய்ந்தபின் மாசி வெயில் ஏறும் வரையுள்ள இடைவெளிதான் நமக்குரிய காலம். பகல் குறுகிய மாதங்களாதலால் செடி எளிதில் பூக்காது என்பது நமக்குக் கிடைத்த நன்மை. விதையை ஈரத்துணியில் முடிந்து, தண்ணீர்ப் பானையின் அடியில் இரண்டு நாள் வைத்து, முளை கண்டதும் டிசம்பர் 3, புனித சவேரியார் திருநாளில் தொட்டியிலிடுங்கள். மாசில்லாக் குழந்தைகள் நாளான டிசம்பர் 28 அளவில் நடுங்கள். நண்பகல் நிழல் வேண்டும். பிப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக அர்ப்பணித்த விழாவன்று கட்டுங்கள். நம் வெப்பத்தில் ஏழெட்டு நாளே போதும். குளிர்நாட்டுக் கொத்தின் பருமனை எதிர்பார்க்க வேண்டா. சிறு கொத்தாய் இருக்கும்போதே அறுத்துவிட வேண்டும். கசப்பும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். பெரும்பாலான ஆண்டுகளில் அது தவக்காலம் நெருங்கும் வேளையாதலால், ஒறுத்தல் உணவுக்கும் ஏற்றதாகும்.

சமைப்பது எளிது. வெளுத்த உள்ளிலையை நறுக்கி, எலுமிச்சைச் சாறும் உப்பும் சிறிது நல்லெண்ணெயும் சேர்த்துப் பச்சையாகவே உண்ணலாம். பச்சையான வெளியிலையைப் பாசிப்பருப்போடு கூட்டாக்கலாம். அகத்தியும் பாகலும் சுண்டையும் உண்டு பழகிய நமக்கு இந்தக் கசப்பு பெரிதன்று. ஆந்திர எல்லையையொட்டிய உங்கள் பகுதியில் யுகாதிப் பச்சடியில் வேப்பம்பூ சேர்ப்போரும் உண்டல்லவா? ஓர் எச்சரிக்கை: இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் மருந்து உட்கொள்வோர், எந்தக் கீரையையும் திடீரெனக் கூட்டவோ குறைக்கவோ செய்யாமல் மருத்துவரைக் கேட்பது நன்று.

கசப்பை முற்றிலும் நீக்கிவிட எந்தத் தோட்டக்காரராலும் ஆகாது. நீக்கினால் அது அந்தக் கீரையும் அன்று. தணிக்கலாம், அதற்கும் மறைவில் சில நாள் காத்திருக்க வேண்டும். எகிப்தை விட்டு வந்தவர்களின் பந்தியில், விடுதலையின் இரவிலும் கசப்புக்கு ஓர் இடம் விடப்பட்டிருந்ததே! பிறந்த ஊரை விட்டுப் பிழைக்கச் சென்ற பிள்ளைகளுக்கு இது தெரியாததன்று.

சகோதரியே, கீரைக்கு வழி சொல்லிவிட்டோம். அவள் வேறு எதற்காகவேனும் அழுதிருந்தால், அதைக் கேட்டறிய வல்லவர் நீங்கள் ஒருவரே. ஜூன் 13 அன்று தொலைபேசியில் அழைத்து, "விதைத்தாயா, மகளே?" என்று கேளுங்கள். பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.