தர்மம் செய்பவர் யார்?

'சேவை மனப்பான்மை' என்ற சொல் மேடையில் கேட்க இனிமையாகத்தான் இருக்கும். தொண்டு நிறுவனத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவரைக் கேட்டுப் பாருங்கள். ஊதிய உயர்வு கேட்கும்போதெல்லாம் தமக்குக் கிடைக்கும் பதிலே அந்தச் சொல்தான் என்பார்.

தில்லியில் ஓர் அறக்கட்டளையின் செயற்குழுவில் ஆறு ஆண்டுகள் இருந்தேன். அங்கே பதினோரு ஆண்டுகள் கணக்கெழுதிய அம்மையார் ஒரு நாள் விலகல் கடிதம் கொடுத்தார். சம்பளம் போதவில்லை போலும் என்று நினைத்தோம். அவரோ, "சார், நூறு ரூபாய்க்குத் தபால்தலை வாங்கவும் செயலாளர் கையெழுத்துக்கு இரண்டு நாள் காத்திருக்கிறேன். எந்தக் குடும்பத்துக்கு உதவி அவசரம் என்று எனக்குத் தெரியும். ஒரு கூட்டத்திலாவது என்னைக் கூப்பிட்டுக் கேட்டீர்களா?" என்றார். எங்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த மூன்று ஆண்டுகளில் அந்த இடத்துக்கு நால்வர் வந்து போனார்கள். ஆள் சரியில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தோம்.

வேறு வழி உண்டு என்பதற்கு மதுரையே சாட்சி. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே பள்ளிப்படிப்பை முடித்த கிராமத்துப் பெண்களுக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி தந்து, பார்வைப் பரிசோதனை முதல் அறுவை அரங்கில் உதவுவது வரை அவர்கள் பொறுப்பில் விட்டார்கள். மருத்துவர்கள் அறுவை சிகிச்சையில் முழுக்கவனம் செலுத்த முடிந்தது அதனால்தான். பொறுப்பை நம்பிக் கொடுத்தால் ஊழியர் வளர்வார், நிறுவனமும் வளரும்.

நன்கொடையாளர்களுக்கும் ஒரு சொல். கொடுத்த ரூபாய் முழுதும் ஏழைக்கே போகவேண்டும் என்பது நல்ல எண்ணமே. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 2020ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. முறைகேட்டைத் தடுக்க வரம்பு வேண்டும்தான். ஆனால் செலவைக் குறைக்க முதலில் கை வைப்பது கணக்கெழுதுபவர் சம்பளத்தில் என்றால், அங்கே தர்மம் செய்பவர் நாமல்ல, அந்த ஊழியர்தான். அதுவும் அவரைக் கேளாமலே!

நம் சங்கங்களிலும் பள்ளிகளிலும் நூலகங்களிலும் பொறுப்பு வகிப்போருக்கு என் வேண்டுகோள் இது. பணி நியமனத்தை எழுத்தில் கொடுங்கள். சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுங்கள். சிறு செலவுகளை ஊழியரே தீர்மானிக்கட்டும். ஆண்டுக்கு இருமுறையாவது செயற்குழுவில் அவரை உட்காரவைத்து, அவர் சொல்வதைக் கேளுங்கள்.

நாங்கள் அதைச் செய்திருந்தால், அந்த அம்மையார் இன்னும் அங்கேதான் கணக்கெழுதிக்கொண்டிருப்பார்.