எழுத்தில்லா ஓடுகளும் நம் ஏடுகளே

அகழாய்வுச் செய்தி வரும்போதெல்லாம் தமிழ் கற்ற நாம் முதலில் எழுப்பும் வினா ஒன்றே: "எழுத்துக் கிடைத்ததா?" கீழடியின் நான்காம் கட்ட அகழாய்வில் தமிழி எழுத்துப் பொறித்த 56 பானை ஓடுகள் கிடைத்தன என்று தமிழகத் தொல்லியல் துறை 2019-இல் அறிவித்தபோது நாம் கொண்டாடினோம். அம்மகிழ்ச்சி நியாயமானதே. ஆயின், எழுத்தில்லாத ஓட்டைக் கண்டதும் நம் ஆர்வம் வற்றிவிடுகிறதே, அது முறையா?

நாஞ்சில் நாட்டிலிருந்து ஒரு பகற்பொழுதில் போய்த் திரும்பக்கூடிய தொலைவில், தாமிரவருணியின் தென்கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர். 1876-இல் யாகோர் என்ற செருமானியர் இங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குச் சென்றன. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தார். அவர் எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை அடைந்தன. மீண்டும் 2004-இல் மத்தியத் தொல்லியல் துறையின் சத்தியமூர்த்தி தலைமையில் பணி நடந்தபோது, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட முதுமக்கள் தாழிகள் வெளிப்பட்டன.

அத்தாழிகளோடு வைக்கப்பட்ட சிறு கலங்களில் சிலவற்றின் மேல் வெள்ளை வண்ணத்தில் புள்ளிகளும் கோடுகளும் தீட்டப்பட்டுள்ளன. கலத்தை வாய்ப்புறம் கீழாகக் கவிழ்த்துச் சுட்டால் காற்றுப் புகாத உட்புறம் கருக்கும், வெளிப்புறம் சிவக்கும். நெருப்பை இவ்வாறு ஆளத் தெரிந்த கை, அதனோடு நிறைவு கொள்ளாமல் வெள்ளைப் புள்ளியையும் வரிசையாக இட்டிருக்கிறது. சோறு வைக்கப் புள்ளி தேவையில்லை. நீர் மொள்ளக் கோடு தேவையில்லை. தேவைக்கு மேல் ஒன்றைச் செய்யும் இடத்தில்தானே கலை தொடங்குகிறது! அதுவும் மண்ணுக்குள் இறந்தவரோடு மறையப்போகும் கலத்தில் அதைச் செய்திருக்கிறார்கள்.

அங்கே கிடைத்த மற்றோர் ஓடு இன்னும் வியப்புக்குரியது. அதில் உள்ளது வண்ணமன்று. களிமண்ணை ஒட்டி உருவாக்கிய புடைப்புருவம். ஒரு பெண் நிற்கிறாள். அருகே ஒரு கொக்கு, மான், முதலை, பல்லி. சங்க அகப்பாடல்களில் பிரிந்தவனுக்காகக் காத்திருப்பவள் பல்லியின் ஒலியை நிமித்தமாகக் கேட்பாள் என்பதைப் பயின்ற நமக்கு, இவ்வோட்டைக் கண்டதும் மனம் துள்ளும். துள்ளலாம்; ஆனால் முடிவு கட்டலாகாது. பாட்டுக்கும் ஓட்டுக்கும் உறவு உண்டென்று நாட்டச் சான்று வேண்டும். ஓவியத்தைப் புறக்கணிப்பது ஒரு பிழை என்றால், அதன் வாயில் நம் சொற்களைத் திணிப்பது மற்றொரு பிழை.

நம் முன்னோர் குயவரைப் புறக்கணித்தவர் அல்லர். புறநானூற்றின் 228-ஆம் பாடலில் ஐயூர் முடவனார், சோழன் கிள்ளிவளவனுக்குத் தாழி வனையவேண்டிய குயவரையே விளித்துப் பாடுகிறார். வெண்ணிக் குயத்தியார் புலவராகவே வீற்றிருக்கிறார். வேந்தனைப் பாடிய அவையில் வேட்கோவருக்கும் இடம் இருந்தது. இன்றைய நம் ஆய்வரங்குகளில் அவர்களுக்கு இடம் உண்டா?

அமெரிக்காவின் அரிசோனாவில் ஹோப்பி மக்களிடையே வாழ்ந்த நம்பேயோ என்ற பெண்மணியை இங்கு நினைக்கலாம். பியூப்லோ மக்களின் முன்னோர் வாழ்ந்து கைவிட்ட சிக்யாட்கி என்ற ஊரின் இடிபாடுகளில் கிடந்த வண்ண ஓடுகளை அவர் கூர்ந்து பார்த்தார். 1890-களில் அவ்வடிவங்களைத் தம் பானைகளில் மீண்டும் தீட்டினார். அவருடைய மகளிரும் பேர்த்தியரும் அக்கலையைத் தொடர்ந்தனர். அங்கே பழைய ஓடு, வனைபவரின் கையிலேயே மறுபிறவி எடுத்தது.

நமக்கும் அந்த வாய்ப்பு அற்றுப்போகவில்லை. நாகர்கோவிலை அடுத்த சுங்கான்கடையில் இன்றும் பொங்கல் பானை வனைகிறார்கள். தமிழர் மணவறையில் அரசாணிப்பானைகள் வண்ணக்கோலம் தாங்கி நிற்கின்றன. இவை ஆதிச்சநல்லூரின் நேர்வாரிசு என்று நாம் கூறவில்லை. ஆனால் எந்த மண் வெடிக்காது, எந்தப் பூச்சு சூளையில் நிற்கும், எவ்வளவு புகையில் பானை கருக்கும் என்பதை முனைவர் பட்டம் பெற்றவரைவிடச் சூளையருகே நிற்பவர் நன்கறிவார். அந்த அறிவு நூலில் இல்லை, கையில் இருக்கிறது. அவருடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனபின் அதை எந்தக் குழியில் அகழ்ந்து எடுப்போம்?

ஆகவே நாம் வேண்டுவன மூன்று. நம் மாவட்டக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள், கல்வெட்டுப் பயிற்சியோடு ஓவிய ஓடுகளைப் படியெடுக்கும் பயிற்சியையும் மாணவர்க்கு அளிக்கட்டும். அருங்காட்சியகங்களில் ஓட்டின் அருகே ஆண்டும் ஊரும் மட்டுமன்றி, அது வனைந்து சுட்டுத் தீட்டப்பட்ட முறையும் நல்ல தமிழில் எழுதப்படட்டும். அடுத்த கருத்தரங்கில் சுங்கான்கடைக் குயவர் ஒருவர் மேடையில் அமர்ந்து பேச, பேராசிரியர்கள் எதிரே அமர்ந்து குறிப்பெடுக்கட்டும்.

தன் பெயரை ஓட்டில் கீறியவன் தான் இன்னான் என்று சொன்னான். பெயரே எழுதாமல் புள்ளியிட்டவர் என்ன சொன்னார் என்பதையும் கேட்கக் கற்றுக்கொள்வதே தமிழ் கற்றோர் கடன்.