அந்தக் குட்டி எண்ணுக்குப் பின்னால் யாராவது போய்ப் பார்த்தார்களா?

1/
மருத்துவ ஆய்விதழ்களில் வரும் எந்தக் கட்டுரையை எடுத்தாலும் வரிகளின் ஓரத்தில் 1, 2, 3 என்று குட்டியாக எண்கள் இருக்கும். கட்டுரையின் முடிவில் அதே எண் வரிசையில் ஒரு நீண்ட பட்டியல் இருக்கும். அதுதான் ரெஃபரன்ஸ்.

"இதெல்லாம் டாக்டருங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று கடந்து போய்விடாதீர்கள். நீங்கள் விழுங்கும் மாத்திரை வரை வந்து சேரும் சமாச்சாரம் இது.

2/
அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்?

"இதை நான் சும்மா சொல்லவில்லை. இன்னார், இந்த வருடம், இந்த இதழில், இந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறார். சந்தேகம் இருந்தால் நீங்களே போய்ப் பார்த்துக்கோங்க."

அவ்ளோதான். எழுதுபவர் வாசகருக்குக் கொடுக்கும் வாக்கு அது.

3/
ஒரு காலத்தில் ஒவ்வொரு இதழும் ரெஃபரன்ஸை ஒவ்வொரு விதமாகக் கேட்டது. ஒரு இதழ் திருப்பி அனுப்பினால், அடுத்த இதழுக்காக மொத்தத்தையும் மறுபடி டைப் அடிக்க வேண்டும்.

1978ல் கனடாவின் வான்கூவர் நகரில் மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கூடி இதற்கு ஒரு பொது முறை கொண்டு வந்தார்கள். கட்டுரையில் வரும் வரிசைப்படி எண். பட்டியலில் எழுதியவர் பெயர், தலைப்பு, இதழ், வருடம், தொகுதி, பக்கம். இன்றும் இதை "வான்கூவர் முறை" என்றுதான் சொல்கிறோம்.

நல்ல ஏற்பாடு. இதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

4/
என் சண்டை வேறு.

பி.ஜி. படிக்கும் மருத்துவர் தீசிஸ் கொடுக்கும் மாதத்தில் தூக்கத்தைத் தொலைப்பது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? கமா இருக்கா, முற்றுப்புள்ளி இருக்கா, ஆறு பேருக்கு மேல் எழுதியிருந்தால் "எட் ஆல்" போட்டாச்சா... இந்த வேட்டைக்குத்தான்.

"இந்தக் கட்டுரையைத் திறந்து படிச்சியா?" என்ற கேள்வி மட்டும் அபூர்வமாகத்தான் வரும். முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்பது என் கருத்து.

5/
படிக்காமல் ரெஃபரன்ஸ் போட்டால் என்ன பெரிய நஷ்டம்? அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள்.

1980 ஜனவரி. "நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்" என்ற புகழ்பெற்ற இதழில், ஆசிரியருக்கு வரும் கடிதங்கள் பகுதியில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர்கள் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக். மொத்தமே ஐந்து வாக்கியங்கள்.

6/
கடிதம் சொன்னது இதுதான்: மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகளில் 11,882 பேருக்கு ஒரு முறையாவது அபின் வகை வலி மருந்து கொடுக்கப்பட்டது. ஏற்கனவே அடிமைப்பழக்கம் இல்லாதவர்களில், மருந்துக்கு அடிமையானதாகப் பதிவானவர்கள் 4 பேர்.

சொல்லாதது என்ன தெரியுமா? வீட்டுக்குப் போன பிறகு அவர்கள் என்ன ஆனார்கள் என்று சொல்லவில்லை. நாள்பட்ட முதுகுவலிக்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை.

7/
1996ல் பர்டூ ஃபார்மா நிறுவனம் "ஆக்ஸிகான்டின்" என்ற அபின் வகை வலி மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. அடிமையாகும் ஆபத்து ஒரு சதவீதத்துக்கும் கீழேதான் என்று விற்பனைப் பிரதிநிதிகள் மருத்துவர்களிடம் சொன்னார்கள். அந்தக் காலகட்டத்தில் "அபின் வகை மருந்துக்கு அடிமையாவது அபூர்வம்" என்று எழுதி, ஓரத்தில் குட்டி எண் போட்டு, கீழே அந்த ஐந்து வாக்கியக் கடிதத்தைக் காட்டிய கட்டுரைகள் ஏராளம்.

8/
2017ல் கனடா ஆய்வாளர்கள் ஒரு வேலை செய்தார்கள். அந்தக் கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 கட்டுரைகளைத் தேடி எடுத்துப் படித்தார்கள்.

அவற்றில் 72 சதவீதம், அடிமைத்தனம் அபூர்வம் என்பதற்கு அந்தக் கடிதத்தைச் சான்றாகக் காட்டியிருந்தன. கடிதத்தில் இருப்பது மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளிகள் மட்டும்தான் என்பதை 80 சதவீதத்துக்கு மேல் குறிப்பிடவே இல்லை.

கடிதம் எழுதிய ஜிக்கே, அது இப்படிப் பயன்படுத்தப்பட்டதற்காகப் பின்னாளில் வருத்தப்பட்டார்.

9/
1999 முதல் 2021 வரை அமெரிக்காவில் அபின் வகைப் பொருட்களின் அளவு மீறி இறந்தவர்கள் சுமார் 6 லட்சத்து 45 ஆயிரம் பேர். மருந்துச்சீட்டு மாத்திரைகள், கள்ளச்சந்தைச் சரக்கு எல்லாம் சேர்த்த கணக்கு இது.

இத்தனைக்கும் ஒரு கடிதம்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பணம், விளம்பரம், தளர்வான கண்காணிப்பு எல்லாம் சேர்ந்தது. ஆனால் "சயின்ஸே சொல்லுது" என்ற தைரியத்தை மருத்துவர்களுக்குக் கொடுத்ததில் அந்தக் குட்டி எண்ணுக்கும் பங்கு உண்டு.

10/
இதில் கொடுமை என்னவென்றால், ரெஃபரன்ஸ் வடிவமே துப்புக் கொடுத்தது. வருடம் 1980, தொகுதி 302, பக்கம் 123. ஒரே பக்கம். முழு ஆய்வுக் கட்டுரை என்றால் பொதுவாக "இந்தப் பக்கம் முதல் இந்தப் பக்கம் வரை" என்று இருக்கும். ஒற்றைப் பக்க எண்ணைப் பார்த்ததும் "என்ன இது, இவ்ளோ குட்டியா?" என்று ஒருவர் புரட்டிப் பார்த்திருந்தால் போதும்.

கமாவை எண்ணியவர்கள் பக்கத்தைப் புரட்டவில்லை.

11/
நடுவில் ஒரு முக்கியமான விஷயம். இதைப் படித்துவிட்டு, புற்றுநோய் வலிக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த மார்ஃபின் மாத்திரையை யாரும் நிறுத்திவிடாதீர்கள். அந்த வலிக்கு அது அருமருந்து. சரியான ஆளுக்கு, சரியான அளவில், கண்காணிப்போடு கொடுத்தால் பயப்பட வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

12/
சரி, இன்றைய நிலவரம்?

கமா, புள்ளி வேலையை ஸோட்டெரோ போன்ற இலவச மென்பொருளே நொடியில் முடித்துவிடும். மிச்சமாகும் நேரத்தைப் படிப்பதற்குக் கொடுக்கலாம். ஆனால் இப்போது ஏ.ஐ.யிடம் "பத்து ரெஃபரன்ஸ் கொடு" என்று கேட்கும் பழக்கம் வந்துவிட்டது. அதுவும் அழகாகக் கொடுக்கும். ஆசிரியர் பெயர், இதழ், பக்க எண் எல்லாம் வான்கூவர் முறைப்படி கச்சிதமாக இருக்கும். தேடிப் போனால் சில சமயம் அப்படி ஒரு கட்டுரையே உலகத்தில் இருக்காது.

வடிவம் சரியாக இருப்பதால் விஷயமும் சரியாக இருக்கும் என்று இனி நம்பவே முடியாது.

13/
பொதுமக்களாக நீங்கள் என்ன செய்யலாம்? "ஆய்வு சொல்கிறது" என்று வாட்ஸப்பில் ஏதாவது வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள்.

அ) அப்படி ஒரு கட்டுரை இருக்கிறதா? பப்மெட் தளத்தில் தலைப்பைப் போட்டுத் தேடலாம், இலவசம். பெரும்பாலான கட்டுரைகளுக்குச் சுருக்கமும் கிடைக்கும்.

ஆ) யாரிடம் செய்த ஆய்வு? எலியிடமா, 12 பேரிடமா, 12 ஆயிரம் பேரிடமா?

இ) ஃபார்வர்டு சொல்வதைத்தான் கட்டுரையும் சொல்கிறதா?

ஈ) திரும்பப் பெறப்பட்டதா? எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட 1998ம் ஆண்டு கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. லான்செட் இதழ் 2010ல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. அந்தப் பயம் இன்னும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. திரும்பப் பெற்ற கட்டுரைகளை பப்மெட் அதே பக்கத்தில் குறிப்பிட்டுக் காட்டும்.

14/
என் மருத்துவத் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. நூறு ரெஃபரன்ஸ் வேண்டாம். முப்பது போடுங்கள், முப்பதையும் திறந்து படித்துவிட்டுப் போடுங்கள். வழிகாட்டும் பேராசிரியர்களிடம் என் வேண்டுகோள்: பட்டியலில் ஏதாவது மூன்று எண்ணைத் தொட்டு, "இதுல என்னப்பா சொல்லியிருக்கு?" என்று கேளுங்கள். கமாவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நாளை அந்தக் கட்டுரையை நம்பி ஏதோ ஒரு ஊரில் ஒரு மருத்துவர் மருந்து எழுதுவார். அதைச் சாப்பிடப் போவது நம் வீட்டு ஆளாகக்கூட இருக்கலாம்.

தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள்.